கறுப்பு சாக்ஸும் பென்சிலும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். சொல்லப்போகிற விஷயம் கொஞ்சம் நீளம்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளை, "இங்க யூனிவர்சிட்டி ஆர்க்கெஸ்ட்ராவில சேர்ந்துட்டேன்" என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். சின்ன வயதில் வயலின் வாத்தியாருக்குக் கொடுத்த சம்பளம் வீண்போகவில்லை என்று அப்பாவுக்கு ஒரு திருப்தி. அடுத்த வாரமே போனில் புலம்பல் ஆரம்பித்துவிடும். "ரூல்ஸே பக்கம் பக்கமா இருக்குப்பா. பேனா கொண்டுவரக் கூடாதாம், பென்சில்தானாம். சென்ட் போடக் கூடாதாம். சாக்ஸ்கூட கறுப்பாத்தான் இருக்கணுமாம். ஆறு மணி ரிஹர்சலுக்கு ஆறு மணிக்குப் போனா லேட்டாம்." அப்பா, "நீ என்ன பட்டாளத்திலயா சேர்ந்திருக்கே?" என்பார்.

கச்சேரி கேட்டு வளர்ந்த வீட்டில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நம் மேடையில் பாடகர், வயலின், மிருதங்கம், தம்புரா, கூட ஒரு கடமோ கஞ்சிராவோ இருக்கும். பல கச்சேரிகளில் ஒத்திகையே கிடையாது. பாடகர் ராகத்தைத் தொட்ட பிறகுதான் வயலின்காரருக்கே அது என்ன ராகம் என்று தெரியும். நாலைந்து பேர், கைக்கெட்டும் தூரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அது சாத்தியம். பிராம்ஸின் சிம்பொனி ஒன்றை வாசிக்கும் மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவில் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். பின்வரிசை டிராம்போன்காரருக்கும் முன்வரிசை வயலின்காரருக்கும் நடுவே பதினைந்து மீட்டர் இடைவெளிகூட இருக்கலாம். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 0.04 விநாடிக்கு மேல் பிடிக்கும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் வேகமான பகுதியில் ஒரு ஸ்வரத்தின் ஆயுளே ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்குதான். முன்னால் கேட்பதைக் காதால் பிடித்து அதோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று டிராம்போன்காரர் நினைத்தால், சபையில் இருப்பவர்களுக்கு அவர் வாசிப்பது பிந்தித்தான் கேட்கும்.

ஆர்க்கெஸ்ட்ராவின் அடிப்படைச் சங்கடமே இதுதான். சபைக்குக் கேட்பது உள்ளே உட்கார்ந்து வாசிக்கும் ஒருவருக்கும் கேட்காது. தன் வாத்தியமும் பக்கத்து ஆளும் காதை அடைக்க, மற்றதெல்லாம் தூரத்து இரைச்சல். காதை மட்டும் நம்ப முடியாத இடத்தில், முன்னால் நின்று தாளம் காட்டும் கண்டக்டரின் கோலைப் பார், கணக்கு எண்ணு, குறித்துக்கொள், சொன்ன நேரத்துக்கு வா என்று ஆகிறது. பிள்ளை கையில் கொடுத்திருக்கும் தாளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்திலிருந்து வந்ததுதான். மிச்சக் கால்வாசி பழக்கதோஷம். அதையும் சொல்கிறேன்.

முதலில் சேர்க்கை. பெரும்பாலான இடங்களில் இசையைப் பாடமாக எடுத்தவர்கள்தான் சேரலாம் என்றில்லை. பொறியியல், மருத்துவம், பொருளாதாரம் என்று யாரும் வரலாம், ஆடிஷனில் தேறினால். தனக்குத் தெரிந்த உருப்படி ஒன்று, கொஞ்சம் ஸ்கேல், ஆர்க்கெஸ்ட்ரா உருப்படிகளிலிருந்து முன்கூட்டியே கொடுக்கும் சில கடினமான பகுதிகள், கடைசியாகப் பார்த்தறியாத ஒரு தாளை வைத்து அந்த நிமிடமே வாசிப்பது. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்தக் கடைசிப் படியில்தான். கர்நாடக வயலின் கற்ற பிள்ளைக்கு விரலில் சுத்தமும் காதில் கூர்மையும் இருக்கும். ஆனால் அது சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பக்கத்தை வலது கால் மீது சாய்த்துக்கொண்டு, ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டி, குரு வாசித்துக் காட்டியதைக் காதால் வாங்கிப் பழகியது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து தாடையால் பிடிக்க வேண்டும், தந்திகளின் சுருதியே வேறு, எல்லாமே தாளைப் பார்த்து. ஒரு வருஷமாவது தனியாக உழைத்துவிட்டுப் போவது நல்லது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் கும்பிடு.

சேர்ந்த பிறகும் ஆடிஷன் விடாது. பல இடங்களில் பழைய ஆட்களும் வருஷா வருஷம் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டும். திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 1952இல் தொடங்கிய வழக்கம் அது. பிறகு அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் பரவியது. வாசிப்பவர் ஆணா பெண்ணா என்பதை ஹை ஹீல்ஸ் சத்தம்கூடக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளம் விரிப்பார்கள். முதல் வயலினில் இடம் கிடைக்காமல் இரண்டாம் வயலினில் போட்டுவிட்டார்கள் என்று பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் சமாதானம் சொல்லுங்கள். இரண்டாம் வயலின் என்பது இரண்டாம் தரம் இல்லை, வேறு வேலை. மெட்டு அவர்களிடம் அதிகம் வராது. மெட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிற துடிப்பு அவர்களுடையது.

அடுத்தது வருகை. எல்லா விதிகளிலும் கடுமையானது இது, நியாயமானதும் இதுதான்.

வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மணி நேரம். செமஸ்டர் முழுக்க ஒன்றிரண்டு தடவைதான் வராமல் இருக்கலாம், அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கும். கடைசி வாரத்து ஒத்திகைக்கும், முழு உடையில் நடக்கும் இறுதி ஒத்திகைக்கும் அந்தச் சலுகையும் கிடையாது. வராவிட்டால் கச்சேரியில் உட்கார முடியாது. ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கிரெடிட் கொடுக்கும் பல்கலைக்கழகங்களில் மார்க்கும் இதை வைத்துத்தான். "நான் என் பகுதியை வீட்டிலேயே மனப்பாடமா வாசிக்கிறேனே, எதுக்கு வரணும்?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. ஒத்திகை தன் பகுதியைக் கற்றுக்கொள்ளும் இடம் இல்லை. அதை அறையில் முடித்துவிட்டு வந்து, மற்றவர்கள் பகுதியைத் தெரிந்துகொள்ளும் இடம் அது.

இங்கே ஒரு சிம்பல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ட்வோரக்கின் 'புதிய உலகிலிருந்து' சிம்பொனி 1893இல் நியூயார்க்கில் அரங்கேறியது. ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும். அதில் சிம்பலுக்கு மொத்தம் ஒரே ஒரு அடி. நாலாவது பகுதியில் வரும், அதுவும் ஓங்கி அறைகிற அடி இல்லை, மெல்லிய உரசல் மாதிரி. அதே சிம்பொனியில் டியூபாவுக்கு இரண்டாவது பகுதியில் ஒரு சில ஸ்வரங்கள் மட்டும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்காரர்கள் முதல் மூன்று பகுதியும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு நாலாவதில்தான் எழும்புவார்கள். பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் அப்படித்தான். இவர்களும் எல்லா ஒத்திகைக்கும் வர வேண்டுமா? வர வேண்டும். சில கண்டக்டர்கள் இரக்கப்பட்டு, "உங்க பகுதி எட்டு மணிக்கு மேலதான்" என்று நேரம் பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் அந்த ஒரு அடியை எங்கே வைப்பது என்பது, அதற்கு முன்னால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பலமுறை கேட்டவருக்குத்தான் பிடிபடும். நூறு இருநூறு தாளக் கட்டங்களை மௌனமாக எண்ணிக்கொண்டே இருந்து, எண்ணிக்கை ஒன்று தவறினாலும் இரண்டாவது வாய்ப்பு இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும் அந்த ஆள்தான் அன்றைக்கு மேடையிலேயே அதிகப் படபடப்போடு இருப்பவர்.

தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. லண்டன் குவீன்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒத்திகைக்கு ஒருவர் வருவார், கச்சேரிக்கு வேறொருவர் உட்காருவார். நல்ல காசு கிடைக்கும் வேறு இடம் வந்தால் வாத்தியக்காரர்கள் பதிலாளை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கண்டக்டர் ஹென்றி வுட்டும் நிர்வாகமும் 1904இல் இதற்குத் தடை போட்டார்கள். நாற்பது பேரளவில் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் சும்மா இருக்கவில்லை, தாங்களே கூடி ஓர் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். அதுதான் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. சண்டை போட்டவர்கள் உலகப் புகழ் பெற்றுவிட்டார்கள், சரி. ஆனால் விதியில் வென்றது வுட்தான். இன்றைக்கு மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவில்கூட, "என் ரூம்மேட்டை அனுப்பட்டுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஒத்திகை போதாவிட்டால் என்ன ஆகும்? 1808 டிசம்பர் 22, வியன்னா. குளிர் நடுக்கும் அரங்கில், நாலு மணி நேரக் கச்சேரி. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியும் ஆறாம் சிம்பொனியும் முதன்முதலாக ஒலித்தது அன்றுதான். கடைசி உருப்படியாகப் பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா, பாடகர் குழு எல்லோருக்குமாக அவர் அவசரமாக எழுதி முடித்த ஒன்று. ஒத்திகை போதாததால் நடுவில் தடம் புரண்டது. பீத்தோவன் சபைக்கு முன்னாலேயே நிறுத்தி மறுபடி வாசிக்க வைத்தார். பீத்தோவனே கூட இருந்தும் இந்தக் கதி.

இனி பென்சில். இரண்டு வயலின்காரர்களுக்கு ஒரு ஸ்டாண்டு, அதில் ஒரே தாள். சபைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார், உள்பக்கம் இருப்பவர்தான் பக்கத்தைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது அவருக்கு இரண்டு மூன்று ஸ்வரம் போய்விடும். போகட்டும், அது அவர் வேலையில் அடக்கம். ஒரே வரியில் இரண்டு ஸ்வரம் எழுதியிருந்தால் மேல் ஸ்வரம் வெளிப்பக்கத்தவருக்கு, கீழ் ஸ்வரம் உள்பக்கத்தவருக்கு. இதையெல்லாம் சண்டை போட்டுத் தீர்க்க நேரம் இல்லை என்பதால்தான் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தாளில் ஸ்வரங்களுக்கு மேலே அடிப்பக்கம் திறந்த சின்னப் பெட்டி மாதிரியும், கூர் முனை கீழே பார்க்கிற ஆப்பு மாதிரியும் குறிகள் இருக்கும். பெட்டி என்றால் வில்லைக் கீழே இழு, ஆப்பு என்றால் மேலே தள்ளு. யூடியூபில் எந்த ஆர்க்கெஸ்ட்ராவைப் பார்த்தாலும் முதல் வயலின்காரர்கள் அத்தனை பேர் வில்லும் ஒரே திசையில் ஏறி இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைக்கலாம், அழகும்தான். ஆனால் இழுப்பில் எடை கூடும், தள்ளலில் குறையும். பதினாலு பேர் தங்கள் இஷ்டத்துக்கு இழுத்தால் அழுத்தங்கள் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் இசையமைப்பாளர் லுல்லி தன் வயலின்காரர்களை இதில் விரட்டி விரட்டிப் பழக்கினார். (தாளம் போடும் கனத்த கோலைத் தன் கால் மேலேயே குத்திக்கொண்டு, அந்தப் புண் முற்றி 1687இல் செத்துப்போன அதே லுல்லிதான்.) இன்றைக்கு எந்த இடத்தில் இழுப்பு, எந்த இடத்தில் தள்ளல் என்று தீர்மானிப்பவர் முதல் வயலின்களின் தலைவர். அவரை கன்சர்ட்மாஸ்டர் என்பார்கள். அவர் குறித்ததைப் பார்த்து மற்றப் பிரிவுத் தலைவர்கள் குறித்துக்கொள்ள, அங்கிருந்து வரிசை வரிசையாகப் பின்னால் போகும். ஒத்திகையில் கண்டக்டர் மனசு மாறினால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். அதற்குப் பேனா சரிப்படுமா? அதோடு, பல உருப்படிகளின் தாள்கள் பதிப்பகத்திடமிருந்து வாடகைக்கு வாங்கியவை. திருப்பிக் கொடுக்கும்போது கிறுக்கல் இருந்தால், தொலைந்திருந்தால், காசு கட்ட வேண்டும். பென்சில் கொண்டுவராதவரை கண்டக்டர் ஏன் அப்படி முறைக்கிறார் என்று இப்போது புரியும்.

சந்தேகம் கேட்பதற்கும் ஒரு வழி உண்டு. கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கி, "சார், இந்த இடம் எப்படி?" என்று கண்டக்டரைக் கேட்கக் கூடாது. முன்னால் இருப்பவரைக் கேட்க வேண்டும், அவர் பிரிவுத் தலைவரைக் கேட்பார், அவருக்கும் தெரியாவிட்டால்தான் கண்டக்டர். நம் ஊர் ஆபீஸ் கோப்பு நினைவுக்கு வந்து எரிச்சல்கூட வரலாம். ஆனால் எண்பது பேரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் இரண்டரை மணி நேரத்தில் வாசிக்க நேரம் எங்கே? கண்டக்டர் கோலை இறக்கிய கணமே வாசிப்பை நிறுத்த வேண்டும் என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஒத்திகை தொடங்கும்போது கன்சர்ட்மாஸ்டர் எழுந்து நிற்பார். அந்த நொடியே பேச்சு அடங்க வேண்டும். ஓபோ என்ற குழல் வாத்தியம் ஒரே ஒரு ஸ்வரம் கொடுக்கும், விநாடிக்கு 440 அதிர்வு. சில ஊர்களில் ஒன்றிரண்டு கூடுதலாக வைப்பார்கள். ஓபோவின் நாதம் கூர்மையானது, இரைச்சலுக்கு நடுவேயும் துளைத்துக்கொண்டு வரும், நினைத்தபடி ஏற்றி இறக்கவும் அவ்வளவு சுலபத்தில் இடம் கொடுக்காது. அதனால் மற்றவர்கள்தான் அதற்கு இணங்க வேண்டும். முன்கூட்டியே வரச் சொல்வதும் இதனால்தான். ஆறு மணிக்கு ஓபோ ஊதும் என்றால் அதற்குள் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, வில்லுக்கு ரோசின் போட்டு, குளிரில் வந்த விரலைச் சூடாக்கி, ஊதுகிற வாத்தியமாக இருந்தால் அதையும் ஊதிச் சூடேற்றி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கி நிற்கும்.

எழுதாத விதிகள் சில உண்டு. தாளில் இருக்காது, மீறினால்தான் தெரியவரும். அடுத்தவருடைய தனி வாசிப்பை, ஒத்திகைக்கு முன் விளையாட்டாகக்கூட வாசித்துக் காட்டாதே. அவர் பிசகினால் தலையைத் திருப்பிப் பார்க்காதே, அவருக்குத் தெரியும். நன்றாக வாசித்தால் காலைத் தரையில் லேசாகத் தேய்க்கலாம், வில்லால் ஸ்டாண்டைத் தட்டலாம். காலால் தாளம் போடாதே. இது நமக்குக் கஷ்டம்! தொடையில் தட்டியே வளர்ந்தவர்கள் நாம். அங்கே தாளம் போட ஓர் ஆள் நிற்கிறார், அவரோடு இன்னும் எண்பது தாளம் சேர்ந்தால் என்ன ஆவது? சென்ட் விஷயம் இன்னும் எளிது. ஆஸ்துமா இருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவர் மூச்சுப் பிடித்து ஊத வேண்டியவராகவும் இருக்கலாம். டிரம்பெட்டுகளுக்கு முன்வரிசையில் உட்காரும் பிள்ளைக்குக் காதடைப்பான் கொடுத்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காது ஒருமுறை போனால் திரும்பாது.

கடைசியில் உடை. பழக்கதோஷம் என்று சொன்னேனே, அது இங்கேதான் அதிகம். 1761இல் எஸ்டர்ஹாசி பிரபு வீட்டில் இசையமைப்பாளர் ஹைடன் வேலைக்குச் சேர்ந்தபோது ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். வாத்தியக்காரர்கள் எல்லோரும் வெள்ளைக் காலுறை, வெள்ளை லினன் சட்டை, தலைக்குப் பவுடர் பூசி, பின்னலோ பையோ, எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதை ஹைடன் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஹைடன் தினமும் நண்பகலுக்கு முன்னும் பின்னும் பிரபுவின் கூடத்துக்கு வந்து, இன்றைக்கு இசை வேண்டுமா என்று கேட்க வேண்டும். வாத்தியமோ இசைத்தாளோ கவனக்குறைவால் கெட்டால் ஹைடன்தான் பொறுப்பு. அன்றைக்கு வாத்தியக்காரர் அரண்மனைச் சிப்பந்தி, அதனால் சீருடை. சிப்பந்தி போய், பிரபு போய், வெள்ளைக் காலுறை கறுப்பு சாக்ஸாகி, விதி மட்டும் நின்றுவிட்டது. இதற்கும் ஒரு நியாயம் சொல்லலாம்: மேடை உயரத்தில் இருக்கிறது, உட்கார்ந்தால் பேன்ட் ஏறும், முன்வரிசை ரசிகரின் கண்ணுக்கு நேரே இருப்பது கணுக்கால். எண்பது பேரில் ஒருவர் பச்சை சாக்ஸ் போட்டிருந்தால் பிராம்ஸ் காதில் ஏற மாட்டார். ஆனாலும் இந்த விதியை நாளைக்கே எடுத்துவிட்டால் சங்கீதம் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கட்சி.

இவ்வளவு கெடுபிடியையும் சம்பளம் வாங்காத மாணவர்கள் ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு வியப்பு. இது இன்று நேற்று வந்ததும் இல்லை. சட்டம் படிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்த இசையமைப்பாளர் டெலிமான் 1702இல் மாணவர்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். 1729இல் அதைப் பாக் ஏற்று நடத்தினார். வாசித்த இடம் சிம்மர்மான் என்பவரின் காபிக் கடை. கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது, காபி விற்ற காசு கடைக்காரருக்கு. (டீ குடித்துக்கொண்டே இதைப் படிப்பவர்கள் மன்னிக்க.) ஹார்வர்டில் 1808இல் தொடங்கிய மாணவர் இசைச் சங்கம் ஒரு கட்டத்தில், 1832இல், ஒரே ஓர் உறுப்பினராகத் தேய்ந்தது. அவர் தனியாகவே கூட்டம் போட்டு, தனியாகவே புல்லாங்குழல் வாசித்து, பிறகு இன்னொருவரைப் பிடித்து வந்தார் என்பார்கள். அதன் வழி வந்ததுதான் இன்றைய ஹார்வர்ட்-ராட்கிளிஃப் ஆர்க்கெஸ்ட்ரா.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கச்சேரித் தேதிகளும் இறுதி ஒத்திகை நாட்களும் செமஸ்டரின் முதல் வாரமே பிள்ளை கையில் கிடைத்துவிடும். அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். தேர்வு, காய்ச்சல் என்றால் கண்டக்டர்கள் கேட்டுக்கொள்வார்கள். அத்தை பெண் கல்யாணம் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், அதுவும் நாலு நாள் முன்னால் போய்ச் சொன்னால். ஊருக்கு வர டிக்கெட் போடுவதற்கு முன்னால், முடிந்தால் முகூர்த்தம் குறிப்பதற்கும் முன்னால், அந்தத் தேதிகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.